கொழும்பு அலமாரிக்கு ஜாஸ் மறுவெளியீடுகள்: எந்தப் பதிப்பு, எந்தப் பெட்டி

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண எல்பி, 180 கிராம் எல்பி, 45 வேகத்தில் இரட்டைத் தட்டு, மொனோ, தங்க சீடி, எஸ்ஏசிடி (உயர்தர சீடி வகை), ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி என்று அது சந்தையில் வரிசை கட்டி நிற்கிறது. வெளிநாட்டுக் கடையில் பார்க்கும் விலை ஒன்று, அனுப்பும் கூலியும் சுங்கமும் சேர்ந்து கொழும்பில் கைக்கு வரும் விலை இன்னொன்று. பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவதும் இங்கிருந்து நடக்கிற காரியமல்ல. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே பதிப்பைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. இங்கே பிடித்திருக்கும் அளவுகோல் இதுதான்: எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், எடுத்தவர் யார், எடுத்தபின் அதற்கு என்ன செய்தார்கள். கிராம் கணக்கு, தங்க முலாம், இலக்கமிட்ட அட்டை எல்லாம் அதற்குப் பிறகு.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவானது 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில், நியூ யோர்க் 30ஆம் தெருவிலிருந்த கொலம்பியா ஸ்டூடியோவில், மூன்று தட நாடாவில். மார்ச் 2 அன்று பிரதான பதிவு இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் திருப்பி ஓடவிட்டால் இசை வேகம் பிடிக்கும், சுருதி ஏறும். அன்று பதிவான 'சோ வட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் க்ரீன்' மூன்றும்தான் தட்டின் முதல் பக்கம். அந்தப் பக்கம் முழுவதும் ஏறிய சுருதியிலேயே முப்பது வருடத்துக்கு மேல் விற்பனையானது. பக்கத்தில் காப்புக்காக ஓடிய இரண்டாவது இயந்திரத்தின் நாடா சரியான வேகத்தில் இருந்தது. 1992இல் வந்த தங்க சீடியில்தான் அந்த நாடாவை எடுத்துத் திருத்தினார்கள். மார்க் வைல்டர் செய்த 1997 ரீமாஸ்டர் (நாடாவிலிருந்து ஒலியைப் புதிதாக எடுத்துச் சீர்செய்த பதிப்பு) சாதாரண விலைக்கே கிடைக்கும் திருத்திய பதிப்பு. அதற்குப் பின் கொலம்பியா விட்ட சீடிகளில் இந்தக் குறை இல்லை.

கையில் இருப்பது திருத்தியதா என்று பார்க்க ஒரு கீபோர்ட் போதும். 'சோ வட்' இரண்டு கட்டை, அதாவது டி. நடுவில் அரைக் கட்டை ஏறி இறங்கும். இரண்டாம் பக்கத்து 'ஓல் ப்ளூஸ்' ஐந்து கட்டை, அதாவது ஜி. இரண்டாம் பக்கம் கீபோர்டோடு ஒத்துப்போய், முதல் பக்கம் மட்டும் மேலே நின்றால் அது பழைய நாடா. இரண்டு பக்கமும் ஒரே அளவில் விலகினால் தட்டில் குறையில்லை, உங்கள் டேர்ன்டேபிளில்தான். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டேர்ன்டேபிள்களில் மின்னலைவெண்ணைப் பிடித்து ஓடும் மோட்டார் இருந்தால், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த கப்பி நம் 50 ஹேர்ட்ஸில் 33⅓ சுற்றுக்குப் பதிலாக ஏறக்குறைய 27.8 சுற்றே சுற்றும். மின்மாற்றி மின்னழுத்தத்தை மட்டும்தான் மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. 50 ஹேர்ட்ஸ் கப்பி தேடித்தான் போட வேண்டும்.

எதை வாங்கலாம்? பழைய கடையில் 1997 சீடி அகப்பட்டால் அதுவே தாராளம். 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' பாட்டின் மற்றைய டேக்கும், அதாவது அதே பாட்டை இன்னொரு முறை வாசித்த பதிவும், அதில் உண்டு. ஐம்பதாம் ஆண்டுப் பெட்டியில் நீல நிறத் தட்டு, பெரிய புத்தகம், டிவிடி எல்லாம் வரும். பரிசு கொடுக்க நல்லது. கேட்பதற்காக என்றால் அவ்வளவு பாரத்தை இறக்குமதி செய்ய நியாயம் தெரியவில்லை.

ப்ளூ நோட்: டோன் போயட்டா, க்ளாசிக் வினைலா

இன்று புதிய ஜாஸ் தட்டுகளில் அதிகம் கண்ணில் படுபவை ப்ளூ நோட் என்ற இசைத்தட்டுக் கம்பனியின் இரண்டு வரிசைகள். டோன் போயட் 2019இல் தொடங்கியது. தெரிவும் மேற்பார்வையும் ஜோ ஹார்லி, நாடா ஒலியை அச்சுக்கான தட்டில் தடமாக வெட்டுபவர் கெவின் கிரே, அச்சு கலிபோர்னியாவின் ஆர்டிஐ தொழிற்சாலை. தடித்த அட்டையில் படத்தாள் ஒட்டிச் செய்த இரட்டை மடிப்பு உறையும், உள்ளே பிரான்சிஸ் வூல்ஃப் எடுத்த பதிவறைப் படங்களும் உண்டு. க்ளாசிக் வினைல் அதைவிட விலை குறைவு. உறை ஒற்றை, அச்சு ஜேர்மனியின் ஒப்டிமல். நாடா நல்ல நிலையில் இருக்கும் ஆல்பங்களில் அதையும் அதே கெவின் கிரே, டிஜிட்டல் கட்டம் இல்லாமல் நேரே நாடாவிலிருந்துதான் வெட்டுகிறார்.

இதைத் தெரிந்துகொண்டால் தெரிவு இலகு. ஒலியில் பெரிய இடைவெளியை எதிர்பார்க்க வேண்டாம். டோன் போயட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு உறைக்கும் அச்சுத் தரத்துக்கும் போகிறது. பெயர் பெற்ற ஆல்பங்களுக்கு க்ளாசிக் வினைல் போதும் என்பது என் தீர்ப்பு. க்ளாசிக் வரிசையில் வராத, மூலத்தட்டு (முதலில் அச்சானது) கண்ணிலும் படாத ஆல்பங்களுக்காக டோன் போயட் பக்கம் போகலாம். அந்த வரிசை உண்மையில் பெயர் வாங்கியதும் அப்படிப்பட்ட தட்டுகளால்தான்.

மொனோ (ஒற்றைத் தட ஒலி) விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். 1959 வரை ஹக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலும், பிறகு எங்கிள்வுட் கிளிஃப்ஸில் கட்டிய ஸ்டூடியோவிலும் பதிவு செய்தார். 1957 தொடக்கம் 1958 பிற்பகுதி வரை மொனோவுக்கு ஒரு இயந்திரம், ஸ்டீரியோவுக்கு இன்னொன்று என்று இரண்டையும் சேர்த்து ஓட்டினார். அதற்குப் பிறகு இருதட நாடா மட்டுமே. மொனோ தட்டு என்று விற்றது அந்த இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கலந்த ஒலிதான். ஆகவே சக்ஸபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்' (1957 செப்டெம்பர் 15) மொனோவில் வாங்கக் காரணம் இருக்கிறது, அது தனியாகப் பதிவான நாடா. 2022இல் டோன் போயட் அதை மொனோ ஒற்றைத் தட்டாகவும், மற்றைய டேக்குகள் சேர்ந்த ஸ்டீரியோ இரட்டைத் தட்டாகவும் விட்டது. ஆல்பமாகக் கேட்க மொனோவே எனக்குப் பிடிக்கிறது. மூன்று ஊதுவாத்தியங்களும் ஒரே இடத்தில் திரண்டு நிற்கும். ஸ்டீரியோவில் வாத்தியங்கள் இரு ஓரத்துக்கும் ஒதுங்கி, நடுவில் இடம் காலியாகக் கிடக்கும். ஆனால் 1960களின் ப்ளூ நோட் தட்டுக்கு மொனோ என்ற ஒரே காரணத்துக்காக யாராவது கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

சீடி வாங்குவோர் ஆர்விஜி (ரூடி வான் கெல்டரின் முதலெழுத்துகள்) எடிஷன் என்ற வரிசையை அடிக்கடி காண்பார்கள். 1990களின் கடைசியில் வான் கெல்டரே உட்கார்ந்து 24 பிட்டில் மாற்றியது. பதிவு செய்தவரே மீண்டும் கை வைத்தால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். கேட்டால் அப்படியில்லை. பல ஆல்பங்களில் ஒலி மட்டத்தை உயர்த்தி, உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்குமான இடைவெளியை ஒடுக்கியிருக்கிறார். ஸ்டீரியோவின் அகலத்தையும் உள்ளிழுத்திருக்கிறார். ட்ரம்பெட் உச்சிக்குப் போகும்போது காது கூசும், நான்கைந்து பாட்டில் களைத்துவிடும். அதே ஆல்பங்களை 1980களில் ரொன் மக்மாஸ்டர் மாற்றிய பழைய சீடிகள் கொஞ்சம் தட்டையாக இருந்தாலும் மூச்சுவிட இடம் தருகின்றன, விலையும் மலிவு. வான் கெல்டர் பதிவுகளில் பியானோ பெட்டிக்குள் இருந்து வருவது போல ஒலிப்பதற்கு எந்த ரீமாஸ்டரையும் நோக வேண்டியதில்லை. அது மூலநாடாவிலேயே உள்ள குணம்.

இப்படி இரண்டு பதிப்பை ஒப்பிடும்போது தவறு நடப்பது பெரும்பாலும் ஒலி மட்டத்தில். ஒரு டெசிபல் உரத்து ஒலித்தாலே காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். பேஸும் ட்ரம்ஸும் சேர்ந்து ஓடும் முப்பது விநாடிப் பகுதியொன்றைத் தெரிவுசெய்து, போனில் உள்ள ஒலிமானி செயலியைக் கேட்கும் கதிரையிலேயே வைத்து, இரண்டு பதிப்பின் சராசரியும் அரை டெசிபலுக்குள் வரும்வரை வொல்யூமைத் திருத்துங்கள். அதன்பிறகு சிம்பலைக் கவனியுங்கள். குச்சி பட்ட ஓசையும் அதன் பின் நீளும் உலோக இரைச்சலும் தனித்தனியே கேட்டால் நல்ல மாற்றம். இரண்டும் கலந்து 'ஸ்ஸ்' என்று வந்தால் ஒடுக்கியிருக்கிறார்கள் அல்லது உயர் ஓசைகளை ஏற்றியிருக்கிறார்கள். அடுத்தது பேஸ்: ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் கீழ் ஓசைகளை ஊதிப் பெருப்பித்திருக்கிறார்கள்.

மறுவெளியீட்டு நிறுவனமான மொபைல் ஃபிடலிட்டியின் தட்டுகளைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல வேண்டும். 2022இல் அவர்களது தட்டுகள் பலவற்றில் நாடாவுக்கும் தட்டுக்கும் நடுவே டிஎஸ்டி என்ற டிஜிட்டல் கட்டம் இருப்பது வெளிவந்தது. முழு அனலொக் என்று நம்பி வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள், நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது. ஒலி கெட்டுவிட்டதா என்றால் இல்லை. அதற்கு முந்திய வாரம் வரை அதே தட்டுகளைப் புகழ்ந்துகொண்டிருந்தவர்கள்தான் அதிகம். ஆனால் அனலொக் என்ற சொல்லுக்காக மேலதிகப் பணம் கொடுப்பவர் இப்போது உறையின் சிறிய எழுத்துகளையும் வாசிக்க வேண்டும்.

கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' பதிவானது 1964 டிசெம்பர் 9. மறுநாள் டிசெம்பர் 10 ஆர்ச்சி ஷெப்பும் ஆர்ட் டேவிஸும் சேர்ந்து ஆறு பேராக முதற் பகுதியை வாசித்துப் பார்த்தார்கள். 2002இல் வந்த இரட்டை சீடிப் பதிப்பில் ஆல்பம், அந்த ஆறு பேர் வாசித்த இரண்டு டேக்குகள், 1965 பிரான்சில் அன்டீப் விழாவில் முழுத் தொகுதியையும் மேடையில் வாசித்த பதிவு எல்லாம் உண்டு. அதற்காக அவர்கள் பிடித்தது, 1965இல் வான் கெல்டர் இங்கிலாந்தின் இஎம்ஐக்கு எடுத்தனுப்பிய நாடா. அமெரிக்காவில் புழங்கிய பிரதியில் இருந்த ஒடுக்கம் அதில் இல்லை. 2015இல் வந்த 'கம்ப்ளீட் மாஸ்டர்ஸ்' இரண்டு நாள் பதிவையும் முழுமையாகத் தருகிறது. அங்கே ஒன்று பார்க்க வேண்டும்: அதன் இரண்டு சீடிப் பதிப்பில் அன்டீப் இல்லை, மூன்று சீடிப் பதிப்பில்தான் உண்டு. ஒரே டேக்கைத் தொடங்கி நிறுத்தித் தொடங்குவதைக் கேட்பதில் ஆர்வமில்லாதவருக்கு 2002 பதிப்பு போதும்.

பெட்டிகள்

பெட்டித் தொகுப்பு என்றால் இரண்டு வகை. ஒன்று, பழைய ஆல்பங்களை அப்படியே அடுக்கி வைப்பது. மற்றது, பதிவான நாள்வரிசையில் எல்லா டேக்குகளையும் கோத்துத் தருவது. இரண்டாவது வகையில் ஒரே பாட்டு மூன்று முறை தொடர்ந்து வரும், ஆல்பத்தின் ஓட்டம் உடையும். இது பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது.

நாள்வரிசை முழுப் பலன் தரும் இடம், பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1961இல் நியூ யோர்க்கின் வில்லேஜ் வன்கார்ட் கிளப்பில் வாசித்த பதிவுகள். ஜூன் 25, ஒரு ஞாயிறு, பகலும் இரவுமாக ஐந்து செட். அதிலிருந்து பொறுக்கித்தான் 'சண்டே அட் த வில்லேஜ் வன்கார்ட்', 'வோல்ட்ஸ் ஃபோர் டெபி' என்ற இரண்டு எல்பிகள் வந்தன. பேஸ் வாசித்த ஸ்கொட் லஃபாரோ ஜூலை 6 அன்று கார் விபத்தில் இறந்துபோனதால், முதல் எல்பிக்கு அவர் முன்னால் நிற்கும் டேக்குகளையே அதிகம் தேர்ந்தார்கள். மூன்று சீடிப் பெட்டி ஐந்து செட்டையும் அன்று வாசித்த ஒழுங்கிலேயே தருகிறது. தொடக்கத்தில் 'க்ளோரியாஸ் ஸ்டெப்' வாசிக்கும்போது மின்சாரம் தடைப்பட்டு நாடாவில் விழுந்த வெட்டையும் மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். பகல் செட்டில் கிளாஸ் ஓசையும் பேச்சுமாக இருக்கும் அறை, இரவாக ஆக மாறுவது பெட்டியில்தான் கேட்கும். ஆனால் இசையை மட்டும் நாற்பது நிமிடம் கேட்டுவிட்டு எழும்ப விரும்புபவருக்கு எல்பி நல்லது. 2023இல் க்ராஃப்ட் நிறுவனம் மீண்டும் தொடங்கிய ஓஜேசி (ஒரிஜினல் ஜாஸ் க்ளாசிக்ஸ்) வரிசையில் 'வோல்ட்ஸ் ஃபோர் டெபி' கெவின் கிரே வெட்டி ஆர்டிஐயில் அச்சாகி வந்தது. டோன் போயட்டுக்குச் செய்த அதே கைகள்தான்.

லூயி ஆம்ஸ்ட்ரோங் தன் ஹொட் ஃபைவ், ஹொட் செவன் குழுக்களோடு செய்த பதிவுகளுக்குத்தான் ரீமாஸ்டர் செய்பவரின் கை எவ்வளவு முக்கியம் என்று வெட்ட வெளிச்சமாகத் தெரியும். 1925 நவம்பர் முதல் 1928 வரை ஓகே கம்பனிக்காக பதிவானவை. நாடா என்ற ஒன்றே அப்போது இல்லை. கிடைக்கும் மூலம் 78 வேகத் தட்டுகளும் உலோக அச்சுகளும்தான். நான்கு சீடி அளவில் இரண்டு பெட்டிகள் போட்டிக்கு நிற்கின்றன: 1999இல் இங்கிலாந்தின் ஜேஎஸ்பி விட்டது, 2000இல் கொலம்பியா விட்டது. கொலம்பியா பெட்டியில் புத்தகம் அருமை, கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. ஒலியில் ஜேஎஸ்பிதான். அதைச் செய்த ஜோன் ஆர். டி. டேவிஸ், தேய்வு குறைந்த 78 தட்டுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் தடத்துக்கும் பொருந்தும் அளவில் ஊசி மாற்றி எடுத்தவர். தட்டின் கரகரப்பை முழுதாகத் துடைக்க அவர் முயன்றதில்லை.

கரகரப்பை ஏன் விட்டுவைக்க வேண்டும்? அது இருக்கும் அதே உயர் ஓசைப் பரப்பில்தான் கோர்னெட்டின் (ட்ரம்பெட் போன்ற ஊதுவாத்தியம்) விளிம்பும், அறையின் எதிரொலியும், தாளத் தட்டின் நுனியும் இருக்கின்றன. இரைச்சல் நீக்கும் கருவியைக் கூட்டி வைத்தால் இவையும் சேர்ந்து போய்விடும். சோதிக்க 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' (1928 ஜூன் 28) எடுங்கள். தொடக்கத்தில் ஆம்ஸ்ட்ரோங் துணையில்லாமல் தனியே ஊதுகிறார். ஒவ்வொரு சுரமும் அடங்கிய பின் ஒரு கணம் அறை கேட்க வேண்டும். சுரம் முடிந்ததும் கத்தரித்தது போல மௌனம் விழுந்தால் கருவி வேலை செய்திருக்கிறது. பிறகு ட்ரொம்போன் தனி வரும் இடம். அங்கே ஸட்டி சிங்கிள்டன் குதிரைக் குளம்பு போலத் தட்டும் சிறு தாளம் நறுக்கென்று, சின்ன வாலோடு கேட்க வேண்டும். மலிவுப் பெட்டிகளில் அது ஏதோ மேசையில் தட்டுவது போல மொட்டையாக வரும்.

இன்னொன்று. ஆரம்ப ஹொட் ஃபைவ் பதிவுகளில் ட்ரம்ஸும் இல்லை, டியூபாவும் இல்லை. அவை புனல் வழியே பதிவானவை. 1927 மே மாத ஹொட் செவனில்தான் பேபி டொட்ஸின் ட்ரம்ஸும் பீட் பிரிக்ஸின் டியூபாவும் மின் மைக்கும் வருகின்றன. ஆகவே 1925 பாட்டுகளில் 'ஆழமான பேஸ்' என்று விளம்பரம் போட்ட பதிப்பில் நீங்கள் கேட்கப்போவது தட்டு சுழன்ற உறுமல்தான்.

இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் 1956 நியூபோர்ட் விழாப் பதிவு வேறு வகையான மீட்பு. ஜூலை 7 இரவு போல் கொன்சால்வஸ் 27 சுற்றுத் தொடர்ந்து சக்ஸபோன் ஊதினார், கூட்டம் எழுந்துவிட்டது. ஆனால் அவர் நின்று ஊதியது கொலம்பியாவின் மைக்கில் அல்ல, பக்கத்தில் வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா வானொலி வைத்திருந்த மைக்கில். அதனால் அந்தக் காலத்து எல்பியில் அவர் தூரத்தில் எங்கோ ஊதுவார். போதாததற்கு, மேடையில் சரிவராத பகுதிகளை ஸ்டூடியோவில் மீண்டும் வாசித்து, கைதட்டலை ஒட்டி வெளியிட்டிருந்தார்கள். பிற்பாடு வானொலியின் நாடா கண்டுபிடிக்கப்பட்டது. அதையும் கொலம்பியா நாடாவையும் ஒத்து ஓடவைத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் நிறுத்தி 1999இல் இரட்டை சீடியாக விட்டார்கள். மொனோவில் பதிவான இரண்டு நாடா சேர்ந்து ஸ்டீரியோ ஆன விந்தை இது. சக்ஸபோன் இப்போது முன்னால் வந்துவிட்டது. ஸ்டூடியோவில் வாசித்ததையும் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். இந்த ஆல்பத்தில் பழைய பதிப்பைத் தேடுவதில் பொருளே இல்லை.

எலிங்டன் குழு 1963இல் அமெரிக்க அரசு ஏற்பாடு செய்த சுற்றுப்பயணத்தில் இலங்கைக்கும் வந்து வாசித்தது. அந்தப் பயணத்திலிருந்து பிறந்த 'ஃபார் ஈஸ்ட் சுயிட்' 1966 டிசெம்பரில் பதிவானது. இங்கேயுள்ளவர்கள் அதைத் தேடுவது இயல்பு. 1995 சீடியின் உறையில் 'ஸ்பெஷல் மிக்ஸ்' என்று இருக்கும். அது பல தட நாடாவிலிருந்து புதிதாகக் கலந்த ஒலி. 2003 பதிப்பு பழைய கலவைக்கே திரும்பி, மற்றைய டேக்குகளையும் கூட்டியது. 'இஸ்பஹான்' பாட்டில் ஜொனி ஹொட்ஜஸ் அல்டோ சக்ஸபோனை இழைக்கும் இடத்தை இரண்டிலும் கேட்டால் பேதம் தெரியும். நான் 2003 பக்கம்.

கலவையை மாற்றுவதும் ரீமாஸ்டர் செய்வதும் வேறு வேறு காரியங்கள், பெட்டிக்காரர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை. மைல்ஸ் டேவிஸின் 'பிட்ச்சஸ் ப்ரூ' 1998 நான்கு சீடிப் பெட்டி இதற்கு உதாரணம். 1970இல் வெளியான எல்பியில் தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவை வெட்டி ஒட்டி, எதிரொலி ஏற்றிச் செய்த கலவை அந்த இசையில் பாதி. பெட்டியில் அதை மூலத் தடங்களிலிருந்து மீண்டும் கலந்திருக்கிறார்கள். ஒலி துலக்கம், ஆனால் அந்த மூட்டம் போய்விட்டது. மேலும், ஆல்பம் பதிவானது 1969 ஓகஸ்ட் மாதம் மூன்று நாட்களில். பெட்டி 1970 பெப்ரவரி வரை இழுக்கிறது. பின்னால் வரும் பாட்டுகளுக்கு ஆல்பத்தோடு அவ்வளவு உறவில்லை. முதலில் பழைய கலவையில் ஆல்பத்தை வாங்குங்கள்.

மொசெய்க் நிறுவனத்தின் பெட்டிகள் தனி உலகம். மைக்கல் கஸ்கூனாவும் சார்லி லூரியும் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. உரிமையைத் தவணைக்கு வாங்கி, எண்ணிக்கை வரையறுத்து, இலக்கமிட்டு வெளியிடுவார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். எல்பி அளவில் வரும் அவர்களது புத்தகத்தில் எந்த நாள், யார் யார், எந்த டேக் என்ற அட்டவணை துல்லியம். விற்று முடிந்த பெட்டிக்கு ஏலத்தில் தீ விலை கொடுப்பதற்கு முன், அதே பதிவுகள் பின்னால் சாதாரண சீடியாக வந்துவிட்டனவா என்று பாருங்கள். பல வந்துவிட்டன.

'எட்டு ஆல்பம், நான்கு சீடி' என்று விலை மலிந்து வரும் ஐரோப்பியப் பெட்டிகளைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் அவை அங்கே சட்டப்படி சரியானவை. ஆனால் மூலநாடா இன்னும் பழைய கம்பனிகளின் பெட்டகத்தில்தான் இருக்கிறது. மலிவுப் பெட்டிக்காரர் பெரும்பாலும் கடையில் விற்கும் சீடியையோ எல்பியையோ வைத்துத்தான் பிரதி எடுக்கிறார். பாட்டு எப்படி என்று தெரிந்துகொள்ள வாங்கலாம். அதே முறையில் செய்து '180 கிராம்' என்று ஒட்டிய எல்பிக்குப் பணம் கொடுப்பதுதான் வீண். பாரம் கூடினால் ஒலி கூடாது. பிரித்தறிய, தட்டில் லேபிளைச் சுற்றியுள்ள வெறும் வட்டத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கெவின் கிரே போன்றவர்கள் வெட்டியிருந்தால் முதலெழுத்து கீறியிருக்கும். உறையில் நாடாவைப் பற்றியோ வெட்டியவரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லையென்றால் அதுவே பதில். யப்பானின் எஸ்எச்எம் சீடியும் இதே கணக்கு. பிளாஸ்டிக் வேறு, மாஸ்டர் ஒன்றென்றால் உள்ளே இருக்கும் தரவு ஒன்றே. மாஸ்டர் வேறாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கொழும்புக்கு வந்து சேர்வதும் அதன் பிறகும்

சுங்கம் பொருளின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாது. அனுப்பும் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்த தொகைக்கு மேல்தான் தீர்வைகள் ஏறும், அதற்கு மேல் 2024 முதல் 18 வீதப் பெறுமதி சேர் வரி. ஆகவே விரைவுக் கூரியர் இரண்டு முறை கடிக்கும்: கூலியாக ஒருமுறை, வரியாக ஒருமுறை. ஒற்றை எல்பி பொதியோடு அரைக் கிலோவைத் தாண்டும், நான்கு சீடிப் பெட்டியும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரே நிறையில் ஒரு ஆல்பமா, நான்கு மணித்தியால இசையா என்று யோசித்தால், இங்கிருந்து வாங்குபவருக்குச் சீடிப் பெட்டி சாதகமாக நிற்கிறது. பழைய எல்பி வாங்கினால் தட்டை உறைக்கு வெளியே எடுத்து வைத்துப் பொதி செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வழியில் குலுங்கித் தட்டு உறையின் தையலைக் கிழித்துவிடும்.

புதிய தட்டு வந்த அன்றே முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்பவர்கள் முறைப்பாட்டுக்குத் தரும் நாட்கள் தபாலிலேயே பாதி கழிந்திருக்கும். டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) இடம் வலமாக ஆடினால் துளை மையத்தில் இல்லை. நீண்ட பியானோச் சுரம் அலைபாய்வது அதனால்தான். ஆர்ம் மேலும் கீழும் ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் துணி கிழிவது போல ஓசை தொடர்ந்து வந்தால், அச்சில் பிளாஸ்டிக் தடத்தை நிரப்பாமல் விட்ட குறை. கழுவினால் போகாது. போனில் வீடியோ எடுத்து உடனே அனுப்புங்கள்.

உறையைச் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக்கை அழகுக்காக விட்டுவைக்கும் பழக்கம் நம் காலநிலைக்கு உதவாது. அது இறுகித் தட்டை வளைக்கும், ஈரத்தையும் உள்ளே பிடித்து வைக்கும். வெளியுறைக்கு பிவிசி வேண்டாம், தட்டின் முகத்தில் பால் படிந்தது போல மங்கல் விழும். பொலித்தீன் அல்லது பொலிப்ரொப்பிலீன் உறை, வாய் திறந்தபடி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போலக் கடலோரமாக இருப்பவர்கள் அலமாரியைக் கடல் பக்கச் சுவரில் ஒட்டி வைக்காமல், பின்னால் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும். தடித்த அட்டை உறைகளில்தான் பூஞ்சணம் முதலில் ஏறும், டோன் போயட்டும் மொசெய்க்கும் அதற்கு விதிவிலக்கல்ல. சிலிக்கா ஜெல் பைகளை மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். தட்டில் பூஞ்சணம் பிடித்தால் காய்ச்சி வடித்த நீரில் சிறிதளவு ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் கலந்து துடைக்கலாம். ஆனால் அந்தக் கலவை 78 வேகத் தட்டில் ஒரு துளியும் படக்கூடாது. அவை ஷெல்லக், அல்கஹோலில் கரையும்.

1980, 90களின் சீடிப் பெட்டிகளை வாங்கினால் முதலில் உள்ளே நுரைப்பஞ்சு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். வெப்பத்தில் அது பிசினாகி சீடியின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். எடுத்து எறிந்துவிட வேண்டியதுதான். மைல்ஸ் டேவிஸின் கொலம்பியாப் பெட்டிகளில் உலோக முதுகு வைத்த வரிசைக்கு வேறு தொல்லை: சீடிகள் இறுக்கமான அட்டைப் பைக்குள் இருக்கும், ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கோடு விழும். சீடிகளை மெல்லிய துணி வைத்த உறைகளுக்கு மாற்றித் தனியே வைத்துவிட்டு, பெட்டியைப் புத்தகத்துக்காக மட்டும் திறப்பதே நல்லது.